வியாழக்கிழமைச் சிரிப்பு

புருஷன் செத்தது நெரிடாவுக்கு. ஐந்து நட்சத்திரம் கிடைத்தது கோரலுக்கு.

செமஃபோர் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுச் சமையலறையில், தட்டிலிருந்த ரொட்டி ஆறி விறைத்துப்போனது தெரியாமல், நெரிடா பாஸ்கோ பத்திரிகையை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் அடிலெய்ட் விழாவில் தவறவிடக் கூடாத நிகழ்ச்சி இதுதான் என்று விமர்சகன் எழுதியிருந்தான். எழுபதை நெருங்கும் ஒரு சிரிப்பு நடிகை, மேடையில் ஒரு நாற்காலியை மட்டும் போட்டுக்கொண்டு, தன் உயிர் நண்பனின் சாவைப் பற்றி ஒரு மணி நேரம் வயிறு வலிக்க வைக்கிறாளாம். துணிச்சலாம். துக்கத்தை இவ்வளவு நெருங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவாம்.

"தொட்டுப் பாத்தாளாம்ல," என்றாள் நெரிடா, அடுப்பைப் பார்த்து. "அவனுக்குக் குண்டி கழுவிவிட்டது நானு. இவ தொட்டுப் பாத்தாளாம்."

பத்திரிகையை மடித்துக் குப்பையில் போட்டாள். பிறகு கோரலின் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றவே வெளியே எடுத்தாள். கழுத்துச் சதையை மறைக்க எந்தத் துணியும் சுற்றவில்லை அவள். அப்படியே விட்டிருந்தாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் நெரிடாவுக்குப் பொறுக்கவில்லை.

எண்பதுகளில் நெரிடாவையும் கோரல் விட்பியையும் தெரியாத வீடே கிடையாது. சனிக்கிழமை மாலைத் தொலைக்காட்சியில், முர்ரே ஆற்றங்கரையில், வண்டிவீட்டோடு வந்து தங்குகிறவர்களுக்கான கேரவன் பார்க் நடத்தும் அக்கா தங்கையாக, கோரல் டல்சியாகவும் நெரிடா மேவிஸாகவும், பல வருடம் வந்தார்கள். கோரல் ஒட்டடைக் கம்பு மாதிரி நெடுநெடுவென்று இருப்பாள். தடுக்கி விழுவதற்கென்றே வாய்த்த கால்கள். நெரிடா அவள் தோளுக்குத்தான் வருவாள். மேவிஸ் ஒரு கேள்வி கேட்பாள், டல்சி எக்குத்தப்பாகப் பதில் சொல்வாள், நாடு சிரிக்கும். மேவிஸ் எடுத்துக் கொடுக்காமல் டல்சிக்குச் சிரிப்பு விழாது. ஆனால் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் கோரலைக் கட்டிப்பிடித்துவிட்டு நெரிடாவின் கையில் கேமராவைக் கொடுப்பார்கள், படம் எடுக்கச் சொல்லி.

இரண்டு பேருக்கும் வசனம் எழுதியவன் மெர்வ். நெரிடாவின் கணவன்.

"நல்லதெல்லாம் அவளுக்கே எழுதுறியே மெர்வ், நான் என்ன மாத்தாந்தாய் பொண்ணா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள்.

"அவ வாய்க்கு எழுதுறேன், உன் மூஞ்சிக்கு எழுதுறேன். மூஞ்சிக்கு எழுதுறதுதாண்டி கஷ்டம்," என்றான் அவன்.

அதைப் பாதி நம்பினாள். மீதிப் பாதியை நாற்பது வருடமாக மென்றுகொண்டிருந்தாள்.

மெர்வுக்கும் கோரலுக்கும் இடையில் கள்ளத்தனம் ஏதாவது இருந்திருந்தால் நெரிடாவுக்குச் சுலபமாகப் போயிருக்கும். தட்டை வீசி உடைத்திருக்கலாம், துணிமணியை வாசலில் போட்டிருக்கலாம். அப்படி ஒன்றும் இல்லை. அவள் நன்றாகவே தேடிப் பார்த்தாகிவிட்டது. இருந்ததெல்லாம் சிரிப்புதான். நெரிடா வேடிக்கையாக எதையாவது சொன்னால் மெர்வ் புன்னகை செய்வான், நல்லாருக்கு என்பான், குறித்துக்கொள்வான். கோரல் வாயைத் திறந்தாலே போதும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் வர, கழுதை மாதிரி கத்திச் சிரிப்பான். அந்தச் சத்தம் நெரிடாவுக்காக ஒரு தடவைகூட வந்ததில்லை. இதற்கு எந்த வக்கீலிடம் போவது?

போன வருடத்துக்கு முந்தின வருடம் மெர்வுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றான். முன்னறையில் கட்டிலைப் போட்டார்கள். மாத்திரையும் மலச்சட்டியும் துவைக்கிற துணியும் நெரிடாவின் பங்கு. கோரல் வியாழக்கிழமைதோறும் வருவாள். அவனால் சாப்பிட முடியாத கஸ்டர்ட் டார்ட்டை வாங்கி வந்து அவன் முன்னால் உட்கார்ந்து தானே தின்பாள். கதவைச் சாத்திக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கழுதைச் சிரிப்பு வரும். முதலில் பலமாக, பிறகு வாரத்துக்கு வாரம் மெலிந்து, கடைசியில் வெறும் காற்றாக. ஆனாலும் வரும். நெரிடா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள்.

"என்ன அப்பிடிச் சிரிச்சீங்க?" என்று கோரல் போனபின் கேட்பாள்.

"சும்மா. பழைய கதை," என்பான் மெர்வ், கண்ணை மூடிக்கொண்டு.

சாவு வீட்டிலும் அதே கதைதான். நெரிடா எழுந்து பேசினாள். எல்லோரும் தலை குனிந்து கேட்டார்கள். கோரல் எழுந்து பேசினாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பாதிரியார்கூடச் சிரித்துச் சிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வந்தவர்கள் போகும்போது நெரிடாவின் கையைப் பிடித்து, "கோரல் எவ்வளவு அழகாப் பேசினாங்க," என்றார்கள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். அன்றைக்கு அழுகை வரவில்லை. பின்னாலும் வரவில்லை. பொறாமை வந்து உட்கார்ந்த வீட்டில் அழுகைக்கு இடமில்லாமல் போய்விட்டதோ என்று அவளுக்கே சந்தேகம்.

அதற்கப்புறம் கிடைத்த வேலை ஒன்றே ஒன்று. ஒரு துப்பறியும் தொடரில் முதல் காட்சியிலேயே படிக்கட்டின் அடியில் செத்துக் கிடக்கும் கிழவி. மூச்சு அசையாமல் கிடந்தாள் என்று இயக்குநர் பாராட்டினார்.

பத்திரிகையை இரண்டாவது தடவை குப்பையில் போட்டபோது ராஸ் ஃபோனில் கூப்பிட்டான். இருபது வருடமாக அவளுக்கு வாய்ப்புப் பிடித்துத் தருகிறவன்.

"நெரிடா, நல்ல செய்தி. காது மிஷின் விளம்பரம். பேரன் கூப்பிடுறான், உனக்குக் கேக்கல, மிஷின் மாட்டுற, கேக்குது. அரை நாள் வேலை."

"நான் என்ன பேசணும்?"

"பேச வேண்டாம். சந்தோஷமாத் திரும்பிப் பாக்கணும். உன் மூஞ்சி போதும்."

"யாரு வேண்டாம்னதால என்கிட்ட வந்துச்சு?"

ராஸ் இருமினான். "அது எதுக்கும்மா இப்ப?"

"கோரலா?"

"அவளுக்கு இப்ப நேரமில்ல, பாவம். அவ ஷோ போடுற கூடாரம் தினம் நிரம்புதாம்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள். யோசிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மார்ச் மாத வெயில் விழா நடக்கும் பூங்காவின் புல்லைத் தவிட்டு நிறமாக்கியிருந்தது. ஐந்து மணிக் காட்சிக்கே கூடாரத்துக்கு வெளியே வரிசை வளைந்து நின்றது. நெரிடா கறுப்புக் கண்ணாடியும் மெர்வின் கிரிக்கெட் தொப்பியும் போட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் நின்றாள். வாசலில் சீட்டைக் கிழித்த பெண் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க... அந்த ரெண்டு பேர்ல இன்னொருத்தர்தானே? எங்கம்மா உங்க பெரிய ரசிகை. கோரலோட பெரிய ரசிகைன்னு வைங்க," என்றாள்.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். சிரிக்கக் கூடாது என்பது முடிவு.

கோரல் வந்தாள். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, உட்காரப் போகிற மாதிரி போய், உட்காராமல் நின்றாள். அவ்வளவுதான். அதற்கே சிரித்தார்கள். சந்தையில் அடுத்தவன் கடை மீனை எடை போடுகிறவளைப் போல நெரிடா ஒவ்வொரு சிரிப்பையும் எடை போட்டாள். இது சும்மா மரியாதைக்கு. இது பரவாயில்லை. இது... இது நல்ல சிரிப்பு, நாசமாய்ப் போக.

பிறகு கோரல் வியாழக்கிழமைகளுக்கு வந்தாள்.

"கதவச் சாத்துன்னான் மெர்வ். என்னடா ரகசியம்னேன். 'என் சாவுக்கு நீதான் பேசப்போற. நீயா எழுதினா சொதப்பிடுவ. வா, நான் எழுதித் தர்றேன்'னான். தன்னோட சாவுக்கான பேச்ச, சாகப் போறவனே, எனக்கு உக்காந்து எழுதித் தர்றான்! வாராவாரம் ஒத்திகை. நான் அழுதா திட்டுவான். 'அங்க அழாதடி, சிரிப்பு விழுற இடம் அது'ம்பான்."

கூடாரம் சிரித்தது. பாதிரியாரைச் சிரிக்க வைத்த பேச்சு மெர்வ் எழுதியது. நெரிடா பேசப்போவது என்ன என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. கடைசி நகைச்சுவையையும் அவன் கோரல் வாய்க்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

"அவன் பொண்டாட்டியக் கூப்பிடுவோம்னு சொன்னேன்," என்று கோரல் தொடர்ந்தாள். "சமையலறையில தண்ணி சத்தம். எப்பப் பாத்தாலும் தண்ணி சத்தம். அந்த வீட்ல அவ்வளவு பாத்திரமே கிடையாதுங்க." சிரிப்பு. "சரி, கடைசி நாள். மெர்வ் கண்ணத் திறந்தான். எல்லாரையும் பாத்தான். 'போகும்போது லைட்ட அணைச்சிட்டுப் போங்க, கரண்ட் பில்லு எகிறுது'ன்னான். கண்ண மூடிட்டான்."

இடிபோல் சிரிப்பு எழுந்தது. நெரிடா எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை.

"அவன் அப்பிடிச் சொல்லல!"

சிரிப்பு அறுந்தது. தலைகள் திரும்பின. கோரல் விளக்கு கூசாமல் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"யாரது?"

"அவன் பொண்டாட்டி."

இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூடாரமே கைதட்டிச் சிரித்தது. கோரலின் முகம் ஒரு கணம் வெளிறி, பின் தொழில் அவளைத் தூக்கி நிறுத்தியது.

"ஏண்டி, பாத்திரம் கழுவி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

"அப்ப அவன் என்னதான் சொன்னான்? நீ சொல்லு."

அந்தக் கேள்வியை யாரும் அதுவரை அவளிடம் கேட்டதில்லை. நெரிடா யோசிக்கவில்லை. முகத்தில் ஒரு கோடு அசையாமல், மேவிஸின் பழைய குரலில், நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

"'இன்னிக்கு வியாழக்கிழமையா?'ன்னு கேட்டான்."

யாரோ ஒருவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

"'இல்ல, செவ்வாய்'ன்னேன்." நிறுத்தினாள். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. "'சே'ன்னான். அவ்வளவுதான். போய்ட்டான்."

கூடாரத்தின் துணி உப்பிப் போகிற மாதிரி ஒரு சிரிப்பு. முன்வரிசையில் ஒருவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அது அடங்கப் பார்த்து, மறுபடி கிளம்பியது. அன்றைக்கு விழுந்ததிலேயே பெரிய சிரிப்பு; நெரிடாவின் வாழ்நாளில் அவள் வாயிலிருந்து விழுந்ததிலேயே பெரியது. அவளுக்குக் குமட்டுவது போலவும், இன்னும் வேண்டும் போலவும் இருந்தது.

மேடையில் கோரல் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக.

காட்சி முடிந்ததும் கூடாரத்தின் பின்பக்கம், தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். சாவுக்குப் பிறகு நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"என் மேடையில வந்து கத்துறியே, வெக்கமா இல்ல?" என்றாள் கோரல்.

"என் புருஷன வச்சு சீட்டு விக்கிறியே, உனக்கு?"

"ஒரு வார்த்த கேட்டிருப்பேன். நீ ஃபோன எடுக்கல."

"எடுக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான கூப்பிட்ட."

கோரல் கைக்குட்டையால் முகச்சாயத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க முகம் நனைந்துகொண்டே போயிற்று. "நிஜமாவே வியாழக்கிழமையான்னா கேட்டான்?"

நெரிடா அப்போதுதான் தான் செய்த காரியத்தைப் பார்த்தாள். தன்னிடம் மட்டும் இருந்த கடைசி ஒன்றையும் எடுத்து, எல்லாம் வைத்திருக்கிறவள் கையில் கொடுத்துவிட்டாள். அதற்காகக் கோரல் அழவும் செய்கிறாள். தனக்கு வராத அழுகை இவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!

"கேட்டான்," என்றாள். "அழாத. அது சிரிப்பு விழுற இடம்."

கோரல் அழுகைக்கு நடுவே கொக்கரித்துவிட்டாள். அதற்குள் டாம்சின் ஓடி வந்தாள். நிகழ்ச்சியைத் தயாரிக்கிறவள், நாற்பது வயதிருக்கும், எந்நேரமும் அடுத்த கூட்டத்துக்குத் தாமதமானவள் போலவே பேசுவாள்.

"பிரமாதம்! ரெண்டு பேரும் முன்னாலயே பேசி வச்சிருந்தீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்ல! நாளைக்கும் வருவீங்கதான?"

நெரிடா கோரலைப் பார்த்தாள். வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தாள். சொன்னால் சண்டையைத் தொடரலாம்.

"வரட்டும்," என்றாள் கோரல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வந்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் நெரிடா கடைசி வரிசையில், தொப்பியும் கண்ணாடியுமாக உட்கார்ந்து, கரண்ட் பில் வரும் வரை காத்திருந்து, எழுந்தாள். இரண்டாம் நாள் சிரிப்பு இன்னும் பெரிதாக விழுந்தது. மூன்றாம் நாள் உட்காரப் போகிற மாதிரி போய்த் திரும்பி, "டார்ட்டு வாங்கிட்டு வருவா, அத அவளே தின்னுட்டுப் போவா," என்று ஒன்றைச் சேர்த்தாள். அதற்கும் விழுந்தது. வார நடுவில் பத்திரிகையில், கடைசி வரிசையிலிருந்து எழும் அந்தக் குட்டையான பெண்ணுக்காகவே போய்ப் பார்க்கலாம் என்று ஒரு வரி வந்தது. நெரிடா அதைக் கத்தரித்துக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். காலையில் பால் எடுக்கும்போது ஒரு தடவை, வைக்கும்போது ஒரு தடவை படித்தாள்.

அதைவிடச் சுவையான ஒன்றும் இருந்தது. அவள் பேசுகிற நேரத்தில் மேடையில் கோரலின் தாடை இறுகுவது கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. பல வருடம் அந்த இடத்தில் நின்றவளுக்கு அந்தத் தாடை என்ன சொல்கிறது என்று தெரியாதா? சனிக்கிழமை கோரல் சிரிப்பு முடியும் முன்பே அடுத்த வரியைப் பேசிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, நெரிடா நிறுத்துகிற இடத்தில் நாற்காலியைக் கரகரவென்று இழுத்தாள். கெடுக்கிறாள் என்று தெரிந்து நெரிடாவுக்குக் கோபமே வரவில்லை. மெர்வ் போனபிறகு இப்படி ஒரு தித்திப்பை அவள் அனுபவித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை கோரல் கரண்ட் பில்லைச் சொல்லவேயில்லை. மெர்வ் கண்ணை மூடினான் என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, குனிந்து வணங்கி, உள்ளே போய்விட்டாள். கைதட்டுகிறவர்களுக்கு நடுவில், வாய்க்குள் வசனத்தை வைத்துக்கொண்டு, நெரிடா பாதி எழுந்த நிலையில் நின்றாள்.

பின்பக்கம் போனபோது கோரல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கொண்டிருந்தாள்.

"மறந்துட்டியா?"

"இல்ல."

"பின்ன?"

"என் ஷோடி இது. நானே எழுதி, நானே பயந்து, வாந்தி எடுத்து, மேடை ஏறினது. நீ கடைசியில எழுந்து நின்னு மொத்தத்தையும் அள்ளிட்டுப் போற." கோரல் ஷூவை வீசவில்லை, பக்கத்தில் பத்திரமாக வைத்தாள். "எடுத்துக் கொடுத்துட்டு வாய மூடிட்டு நிக்கிறது எவ்வளவு எரிச்சல்னு இப்பத்தான் தெரியுது. ஒண்ணு கேக்கவா? அத்தன வருஷமும் நீ எனக்கு எடுத்துக் கொடுத்தியே. உனக்குப் பொறாமையே வரலியா?"

"தினம் வந்துச்சு."

"தினமுமா?"

"லீவு நாள்லயும்."

கோரல் அவளை அண்ணாந்து பார்த்தாள். "வெளிய தெரியவேயில்லையே."

"அதுக்குத்தான சம்பளம் குடுத்தாங்க."

இருவரும் சிரிக்கவில்லை. வெளியே அடுத்த கூடாரத்தில் யாரோ டிரம் அடித்துச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நீயே ஒண்ணு போடேன்," என்றாள் கோரல். "யாராவது கயிறு பிடிச்சாத்தான் ஆடுவேன்னா எப்பிடி? எழுத மெர்வ் இல்ல, எடுத்துக் கொடுக்க நான் இல்ல. ஏறிப் பாரு. அப்பத் தெரியும்."

அது சவாலா, சாபமா என்று நெரிடாவுக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் கோரலைத் திட்டிக்கொண்டே போனாள். வீட்டுக்குப் போனதும் டாம்சினைக் கூப்பிட்டு, காலியாக ஏதாவது நேரம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழம காலையில பதினோரு மணி. அந்த நேரத்த நாய்கூட எடுக்காது," என்றாள் டாம்சின். "யோசிச்சுக்கோங்க. நிகழ்ச்சிக்குப் பேர் என்ன போட?"

"'சமையலறைப் பக்கம்'னு போடு."

ராஸைக் கூப்பிட்டுக் காது மிஷின் வேண்டாம் என்றாள். அவன் பெருமூச்சு விட்டான். "இந்த வயசுல எதுக்கு நெரிடா இந்த விஷப்பரீட்சை?"

"வேற எந்த வயசுல பண்றது? முப்பது வயசுல எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல."

எழுத உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மெர்வ் எழுதினால் எப்படி எழுதுவான் என்று யோசித்தால் கை ஓடவில்லை. கோரல் எப்படிச் சொல்வாள் என்று யோசித்தால் ஆத்திரம் வந்தது. கடைசியில் எழுதுவதை விட்டுவிட்டு, குழாயைத் திறந்து வைத்து, தொட்டியின் முன்னால் நின்றுகொண்டு பேசிப் பார்த்தாள். அப்போது வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. கூடாரத்தில் முன்னால் கொஞ்சம் பேர், நடுவில் ஒரு பெரிய பொட்டல், பின்னால் நிழலுக்காக நுழைந்த ஒரு குடும்பம். மெர்வின் தங்கை ஐலீன் முதல் வரிசையில் பிடிவாதமாகப் புன்னகை செய்துகொண்டிருந்தாள், அது உதவவில்லை. நெரிடா மேடையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியையும் மேஜையையும் வைத்திருந்தாள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் விழவில்லை. செத்த கிழவியாக நடித்த கதையைச் சொன்னாள், யாரோ தும்மினார்கள். மேவிஸின் பார்வையைப் பார்த்தாள். பார்க்கப்படுவதற்குப் பக்கத்தில் டல்சி இல்லை. வெறும் காற்றைப் பார்த்தது அது. பின்னாலிருந்த குடும்பம் எழுந்து போயிற்று. வியர்வை முதுகில் இறங்கியது. கோரல் மட்டும் இங்கே இருந்தால் என்று ஒரு நினைப்பு ஓடி, அந்த நினைப்பே அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

அந்த எரிச்சலோடு தொட்டியில் கையை விட்டாள்.

"பக்கத்து ரூம்ல என் புருஷன் இன்னொருத்தி கூடச் சிரிச்சிட்டிருக்கான்," என்றாள். "செத்துட்டிருக்கான், ஆனா சிரிச்சிட்டிருக்கான். எனக்கு எது பெரிய கவலைன்னு நினைக்கிறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அசைவதும் நின்றது. அவள் ஒரு தட்டைக் கழுவினாள். கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். காதைச் சுவர்ப் பக்கம் சாய்த்தாள், கழுவினாள். அந்தக் கழுதைச் சிரிப்பைச் செய்து காட்டினாள், வாராவாரம் அது எப்படி மெலிந்தது என்பதையும். கடைசி வாரம் சத்தமே கேட்காமல் போனபோது, சிரிக்கிறானா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் குழாயை மூடிவிட்டு நின்றதைச் சொன்னாள். "நாசமாப் போறவனே, அவளுக்காகவாவது சிரிச்சுத் தொலைடான்னு வேண்டிக்கிட்டேன்," என்றாள்.

இரண்டாம் வரிசையில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடமிருந்து வெடித்து வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அவளைப் பார்த்து அவள் பக்கத்திலிருந்தவர் சிரித்தார். ஐலீன் புன்னகையை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். நெரிடாவின் கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கித் தொட்டிக்குள் விழுந்தது. கைகள் நுரையாக இருந்ததால் துடைக்க முடியவில்லை. துடைக்கத் தவிப்பதைப் பார்த்து அதற்கும் சிரித்தார்கள். விட்டுவிட்டாள். அழுதுகொண்டே மீதியைச் சொல்லி முடித்தாள். முடிவு சரியாக அமையவில்லை. இரண்டு தடவை முடிந்த மாதிரி ஆகி மறுபடி தொடர்ந்தது.

வாசல் துணிக்குப் பக்கத்தில் கோரல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. கூட்டம் கலைந்ததும் மேடைக்கு வந்து, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"முதல் பாதிய தூக்கிக் கடாசு. மேவிஸ் வேண்டாம்," என்றாள். "முடிவு ரெண்டு எடத்துல வருது."

"தெரியும்."

"அந்தக் குழாய மூடுற இடம்." கோரல் பல்லைக் கடித்தாள். "அது நான் எழுதியிருக்க வேண்டியது. கதவுக்கு அந்தப் பக்கம் நீ நிக்கிறது எனக்குத் தெரியும். எப்பிடி எனக்குத் தோணாமப் போச்சு? ராத்திரி தூக்கம் வராதுடி எனக்கு."

நெரிடா கையைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியிருந்தாலும் இந்த ஒரு பேச்சுக்கு ஈடாகியிருக்காது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல், "பசிக்குது. எதாவது வாங்கிக் குடு," என்றாள்.

மர நிழலில் உட்கார்ந்து இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்ட்ரி சாப்பிட்டார்கள். சாஸ் கோரலின் சட்டையில் வழிந்தது. அவ்வழியே போன ஒருவர் நின்று, கோரலோடு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, கேமராவை நெரிடாவிடம் நீட்டினார். நெரிடா வாங்கி, வேண்டுமென்றே கோரலின் தலையை வெட்டி எடுத்துக் கொடுத்தாள்.

கோரலின் நிகழ்ச்சி மெல்போர்னுக்குப் போயிற்று. பெரிய அரங்கம், நிரம்பி வழிந்ததாம். கடைசியில் எழுந்து பேச வரச் சொல்லிக் கூப்பிட்டாள். நெரிடா மறுத்துவிட்டாள். மறுத்தபின் இரண்டு நாள் பொருமினாள், அந்த அரங்கத்தின் படத்தைப் பார்த்துப் பார்த்து.

குளிர்காலத்தில் அவள் தன் பழைய காரில் தொட்டியைப் போட்டுக்கொண்டு வடக்கே கிளம்பினாள். ஐலீன் ஓட்டினாள். ஊர் மண்டபங்கள், ஹீட்டர் வேலை செய்யாத கிளப்புகள். போர்ட் பிரியில் கடைசி வரை ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் நடுவில் எழுந்து, "எனக்குப் புரியுதும்மா, ஆனா சிரிப்பு வரல," என்று சொல்லிவிட்டு, தொப்பியைத் தொட்டு மரியாதை செய்து வெளியேறினார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் போர்ட் அகஸ்டா. வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது கோரல் கூப்பிட்டாள்.

"ஏய், எனக்கு ஒண்ணு சொல்லு. அந்தச் செவ்வாய்னு சொல்லிட்டு 'சே'ங்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் நிறுத்துவ? நானே சொல்லிப் பாக்குறேன், விழ மாட்டேங்குது."

"சொல்ல மாட்டேன்."

"நெரிடா!"

"செத்தாலும் சொல்ல மாட்டேன், போடி."

ஃபோனை வைத்துவிட்டுக் காரில் ஏறினாள். ஐலீன் ஹீட்டரைத் திருப்பினாள். "அந்தக் கிழவர் எழுந்து போனாரே," என்றாள் நெரிடா, "அந்த இடத்துக்கு முன்னாலயே குழாயத் திறக்குற கதைய ஆரம்பிச்சிடணும். கேளு, சொல்றேன்." ஐலீன் ரேடியோவை அணைத்தாள். நெரிடா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.